‘மேலேயிருந்து பணம் வரலை’: ஊராட்சித் தலைவர் சொல்வதில் எது உண்மை, எது பாதி உண்மை?

கிராம சபையில் தீர்மானங்களை வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்திருப்பார். “ஏழு வாரமா நூறு நாள் சம்பளம் ஏறலைங்க தலைவரே.” தலைவர் கையை விரிப்பார். “நான் என்னம்மா பண்றது, மேலேயிருந்து பணம் வரலை.” அதே தலைவர் விவசாயிகள் கூட்டத்தில் பேசும்போது, நூறு நாள் வேலையால் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பார். வீட்டுச் சாவி கொடுக்கும் விழாவில், இதை நான்தான் போராடி வாங்கித் தந்தேன் என்பார்.

இந்த மூன்று பேச்சையும் கேட்கும் ஊர்க்காரருக்குக் குழப்பம் வருவது இயல்பு. பணம் யாருடையது, யார் கையில் இருக்கிறது, நின்றுபோனால் யாரைக் கேட்பது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மேடைப் பேச்சில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், தலைவர் எங்கே உண்மை சொல்கிறார், எங்கே பாதியை விழுங்குகிறார் என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டு ஊரகத்தை வைத்து, பெரும்பாலும் நூறு நாள் வேலையை உதாரணமாகக் கொண்டு பார்ப்போம்.

## உரிமை, திட்டம், மானியம்

அரசு ஏழைகளுக்காகச் செலவிடும் பணம் எல்லாவற்றையும் நாம் ‘திட்டம்’ என்றே சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று வகை இருக்கிறது.

1. சட்ட உரிமை. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த வகை. நூறு நாள் வேலை என்பது இதுதான். (2025 டிசம்பரில் இதன் இடத்தில் புதிய சட்டம் நிறைவேறியது. அதைப் பின்னால் பார்ப்போம்; அதுவரை சொல்வது பழைய சட்டத்தின் நடைமுறை.) 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் முதல் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது. 2009-இல் மகாத்மா காந்தியின் பெயர் சேர்ந்தது. ஊரகக் குடும்பம் ஒன்று வேலை கேட்டால் ஆண்டுக்கு 100 நாள் வரை கொடுத்தே ஆக வேண்டும் என்றது இந்தச் சட்டம். கேட்பவர் பயனாளி அல்ல, உரிமையாளர். கஜானாவில் பணம் குறைவு என்பது மறுப்பதற்கான காரணமாகாது.

2. திட்டம். அரசு ஆணை மூலம் வருவது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம், கலைஞரின் கனவு இல்லம், முதியோர் ஓய்வூதியம் எல்லாம் இதில் அடங்கும். தகுதி விதிகளை அரசே வகுக்கும், மாற்றும். இத்தனை பேருக்கு, இத்தனை கோடி என்று வரம்பு வைக்கலாம். தகுதியுள்ள ஒருவரைக்கூட இந்த ஆண்டு நிதி முடிந்தது என்று காத்திருக்க வைக்கலாம்.

3. ஊராட்சிக்கு வரும் மானியம். நிதிக் குழுக்கள் பரிந்துரைக்கும் பணம் இது. ஊராட்சியின் கணக்குக்கே வரும். 15-ஆவது நிதிக் குழுவின் மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கென்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது.

தலைவர் கையெழுத்துப் போட்டுச் செலவழிப்பது முக்கியமாக இந்த மூன்றாவது வகைப் பணத்தையும் ஊராட்சியின் சொந்த வரி வருவாயையும்தான். அதிலும் துணைத் தலைவரின் கையெழுத்தும் சேர வேண்டும். முதல் இரண்டு வகையில் ஏழைக்குப் போகும் பணம் அவர் கையைத் தொடுவதே இல்லை. ஆனால் மக்கள் வந்து கேட்பது அவரைத்தான், ஏனென்றால் தெருவில் இறங்கினால் எதிரே வருகிற ஒரே அரசாங்கம் அவர்தான்.

## ஒரு வாரக் கூலி வந்து சேரும் வழி

2025-26-இல் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு அறிவித்த நூறு நாள் கூலி ஒரு நாளைக்கு ரூ.336. முந்தைய ஆண்டு ரூ.319. ஆறு நாள் வேலை செய்தால் ரூ.2,016. அது ஒருவர் கணக்குக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள்.

1. வேலை அட்டை வைத்திருப்பவர் வேலை கேட்கிறார். ஊராட்சி அதைப் பதிவு செய்ய வேண்டும்.
2. வட்டார அலுவலகத்தில் கணினியிலிருந்து வருகைப் பட்டியல் எடுக்கப்படுகிறது. மஸ்டர் ரோல் என்பது இதுதான். இதில் பெயர் இல்லாதவர் வேலை செய்தாலும் கணக்கில் வரமாட்டார்.
3. பணித்தளப் பொறுப்பாளர் கைபேசிச் செயலியில் வருகையைப் பதிகிறார். ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுக்க வேண்டும். பெரும்பாலான பணித்தளங்களுக்கு இது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஏரிக்குள் சிக்னல் கிடைக்காமல் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கரை மேல் ஏறி நிற்கும் பொறுப்பாளரைப் பல ஊர்களில் பார்க்கலாம். படம் ஏறாவிட்டால், மண் வெட்டியது உண்மையாக இருந்தும் வருகை விழாது.
4. வாரக் கடைசியில் ஓவர்சியர் வந்து வெட்டிய மண்ணை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். கூலி தீர்மானமாவது இங்கேதான்.
5. அளவைக் கணினியில் ஏற்றி, நிதி மாற்று ஆணை தயாராகிறது. எஃப்.டி.ஓ. என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டு மின்னணுக் கையொப்பம் விழுந்ததும் அது டெல்லிக்குப் போகிறது.
6. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் நிதி இருப்பைப் பார்த்து விடுவிக்கிறது. பணம் நேராகத் தொழிலாளியின் கணக்குக்குப் போகிறது.
7. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடாதான் கட்டாயம். எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் கடைசியாக இணைந்ததோ அங்கே பணம் போகும்.

ஏழாவது படியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் பத்து ஆண்டுகளாகக் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பார். மகளிர் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்து, படிவத்தில் கையெழுத்தும் போட்டிருப்பார். இணைப்பு மாறியது அவருக்குத் தெரியாது. அடுத்த வாரக் கூலி புதுக் கணக்குக்குப் போய்விடும். பழைய பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துவிட்டு, பணம் வரவில்லை என்று வீட்டுக்குப் போவார். அரசுப் பதிவில் அவருக்குக் கூலி கொடுத்தாயிற்று.

இந்த ஏழு படியில் ஊராட்சித் தலைவருக்கு நேரடி வேலை முதல் படியில் மட்டுமே உண்டு. எந்த வேலையை எடுப்பது என்று கிராம சபையில் முடிவு செய்வதிலும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு எல்லாமே வட்டார அலுவலகம், டெல்லி, வங்கி.

## ‘பணம் வரலை’: எப்போது உண்மை?

சில நேரம் முழு உண்மை. 2025 ஜனவரியில், நூறு நாள் திட்டத்தில் நிலுவையில் இருந்த ரூ.1,056 கோடி ஊதியத்தை விடுவிக்கக் கோரித் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த இரண்டு மாதத்தில் நிலுவை ரூ.4,034 கோடி என்று சொல்லித் தமிழகம் முழுவதும் போராட்டம் நடந்தது. அந்த மாதங்களில் மேலேயிருந்து வரவில்லை என்று சொன்ன தலைவர் பொய் சொல்லவில்லை.

இது ஏன் நடக்கிறது? திட்டத்தின் பெயர் வேலை உறுதி. ஆனால் பட்ஜெட்டில் ஒதுக்குவது ஒரு குறிப்பிட்ட தொகை. 2024-25-இல் ரூ.86,000 கோடி, 2025-26-இலும் அதே ரூ.86,000 கோடி. அதில் ஒரு பகுதி முந்தைய ஆண்டு பாக்கியைத் தீர்ப்பதற்கே போய்விடும். கூலி உயர்கிறது, ஒதுக்கீடு அப்படியே நிற்கிறது. ஆண்டுக் கடைசியில் பை காலியாகிவிடும். சட்டப்படி வேலை கொடுக்க மறுக்க முடியாது, எனவே கூலி தாமதமாகிறது. பட்ஜெட்டில் விழும் துண்டைக் கடைசியில் மண் வெட்டிய பெண்தான் கடன் வாங்கிச் சமாளிக்கிறார்.

வேறு சில நேரம் அதே வாக்கியம் பாதி உண்மைதான். பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்கள் இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கின்றன. வருகைப் பட்டியல் முடிந்து நிதி மாற்று ஆணை போடும் வரை முதல் கட்டம், அது மாநிலத்தின் பொறுப்பு. ஆணை போன பிறகு கணக்கில் ஏறும் வரை இரண்டாம் கட்டம், அது மத்திய அரசின் பொறுப்பு. ஓவர்சியர் அளக்க வரவில்லை, கணினியில் ஏற்றவில்லை என்றால் பணம் இன்னும் கேட்கப்படவே இல்லை என்று பொருள். அப்போது டெல்லியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சரி, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஒரு கேள்வி போதும்: “எஃப்.டி.ஓ. போட்டாச்சா, எந்தத் தேதியில்?” தேதி சொன்னால் பிரச்சினை மேலே. சொல்ல முடியாவிட்டால் பிரச்சினை பக்கத்து வட்டார அலுவலகத்திலேயே இருக்கிறது.

தாமதத்துக்கு இழப்பீடும் உண்டு. பதினாறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 0.05 சதவீதம். ரூ.2,016-க்கு அது நாளொன்றுக்கு ஒரு ரூபாய். ஒரு மாதம் இழுத்தால் 30 ரூபாய். அதைக்கூட முதல் கட்டத் தாமதத்துக்கு மட்டுமே கணக்கிட்டு வந்தார்கள். டெல்லியில் நிற்கும் நாட்களுக்குக் கணக்கே இல்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. மளிகைக் கடைப் பாக்கிக்கும் கந்து வட்டிக்கும் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு, அரசு தன் தாமதத்துக்கு விலையாக வைத்தது நாளைக்கு ஒரு ரூபாய்.

## முறைகேடு நடந்தால் யாருக்குத் தண்டனை?

பணம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சட்டத்தின் 27-ஆவது பிரிவு, முறைகேடு புகார் வந்தால் மாநிலத்துக்கு நிதியை நிறுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கு அப்படி நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் அங்கே திட்டம் முடங்கியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் மீண்டும் தொடங்க வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

போலி வருகை போட்டவரிடம் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும், வழக்குத் தொடர வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. சமூகத் தணிக்கை இந்தச் சட்டத்திலேயே கட்டாயம். ஊரில் பட்டியலைச் சத்தமாக வாசித்து, இவர் வேலைக்கு வந்தாரா என்று ஊர் முன்னால் கேட்பதுதான் அது. அதை ஒழுங்காகச் செய்யாமல் மாநிலத்துக்கே குழாயை அடைத்தால், ஏமாற்றாத கோடிக்கணக்கானோர் பட்டினி கிடப்பார்கள். ‘ஊழல் நடக்கிறது, நிதியை நிறுத்து’ என்று பேசும் அரசியல்வாதி யாராக இருந்தாலும், நிறுத்தினால் முதலில் அடிபடுவது யார் என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

## ‘விவசாயத்துக்கு ஆள் கிடைக்கலை’

ஊர் அரசியலில் அதிகம் கேட்கும் குறை இதுதான். இதில் உண்மை இருக்கிறது. நடவு, களை, அறுப்பு என்று ஒரே வாரத்தில் எல்லா வயலுக்கும் ஆள் தேவைப்படும். அந்த வாரத்தில் ஏரி வேலை நடந்தால் சிறு விவசாயி திண்டாடுவார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இயந்திரம் கூப்பிட்டாலும் பெரிய வயலை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். அவர் கஷ்டத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் கணக்கைப் பார்த்தால் குறையின் அளவு சுருங்கும். சட்டம் 100 நாள் என்றாலும், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வேலை நாட்டுச் சராசரியாக 50 நாளைச் சுற்றியேதான் இருந்திருக்கிறது. ஆண்டில் மீதி 300 நாளுக்கு மேல் அந்தக் குடும்பம் வேறு வேலை தேடியாக வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் 100-க்கு 85 பேருக்கு மேல் பெண்கள். வயதானவர்களும் நிறைய. திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்ட இளைஞர்களின் இடத்தை, இந்தத் திட்டத்தை நிறுத்தினால் இவர்கள் வந்து நிரப்பப் போவதில்லை.

உண்மையில் மாறியது வேறு ஒன்று. முன்பு பெண் கூலி எவ்வளவு என்று நிலக்காரர் சொன்னதுதான் விலை. நூறு நாள் வேலை வந்த பிறகு, அந்தக் கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம் என்பதும் பல ஊர்களில் அப்போதுதான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்குள், பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் தலைவர் நேர்மையானவர். ஊராட்சி நினைத்தால் நடவு வாரங்களை விட்டு வேலையைத் திட்டமிட முடியும், சிறு குறு விவசாயிகளின் நிலத்தில் வரப்பு, பண்ணைக்குட்டை போன்றவற்றை இதே திட்டத்தில் செய்துகொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. இதை எத்தனை தலைவர்கள் கிராம சபையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம்.

‘மர நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்’ என்பது இதன் தம்பிப் பேச்சு. அப்படி நடக்கும் இடங்கள் உண்டு. ஆனால் ரூ.336 என்பது சும்மா வந்து நின்றால் கிடைக்கும் தொகை கிடையாது. குழு வெட்டிய மண்ணின் மதிப்பைத் தலைக்குப் பிரிப்பார்கள். உதாரணத்துக்கு, 20 பேர் ஒரு நாளில் செய்த வேலையின் மதிப்பு ரூ.5,600 என்று அளவு வந்தால் ஆளுக்கு ரூ.280தான். குழுவில் எழுபது வயதுப் பாட்டி இருந்தால் மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்து வெட்டுகிறார்கள், அல்லது எல்லாரும் குறைவாக வாங்குகிறார்கள்.

## ‘பட்டியலே தப்பு’

வீட்டுத் திட்டத்திலும் உரிமைத் தொகையிலும் வரும் சண்டை இது. இதில் தலைவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி என்பதே என் கருத்து.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் அடிப்படைப் பட்டியல் 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. பின்னால் கூடுதல் கணக்கெடுப்பு நடந்தாலும் விலக்கு விதிகள் விசித்திரமாக இருந்தன. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் நீக்கம், குளிர்பதனப் பெட்டி இருந்தால் நீக்கம். கட்டட வேலைக்கு இருபது கிலோமீட்டர் போய்வரப் பழைய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கியவர், அந்த வண்டியாலேயே கூரை வீட்டில் தங்க நேர்ந்தது. இலவசமாகவோ சீதனமாகவோ வந்த பெட்டிக்கும் அதே கதை. 2024-இல்தான் இந்த இரண்டையும் விதியிலிருந்து எடுத்தார்கள். மாத வருமான வரம்பும் ரூ.10,000-இலிருந்து ரூ.15,000 ஆனது.

மகளிர் உரிமைத் தொகைக்கு விதி வேறு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 போனது. இதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை. மறுக்கப்பட்டவர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தலைவர் வீட்டு வாசலில் நிற்கும் பெண்கள் மேல்முறையீட்டுக் கெடுவை இழக்கிறார்கள். ‘பார்க்கிறேன் தாயி’ என்று அனுப்பிவைக்கும் தலைவர் அவருக்கு நல்லது செய்யவில்லை. ‘இது என் கையில் இல்லை, அங்கே போடு’ என்று சொல்பவர்தான் செய்கிறார்.

## ‘நான்தான் வாங்கித் தந்தேன்’

யார் வாங்கித் தந்தார் என்று தெரிய, பங்கைப் பார்க்க வேண்டும்.

- ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் அடிப்படைத் தொகை சமவெளியில் ரூ.1.20 லட்சம். மத்திய, மாநிலப் பங்கு 60:40. அதாவது ரூ.72,000, ரூ.48,000. கான்கிரீட் கூரைக்கென மாநிலம் தனியாகவும் சேர்க்கிறது. பெயர்ப் பலகையில் மத்திய அரசின் பெயர்.
- கலைஞரின் கனவு இல்லத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். இது மாநிலத் திட்டம்.
- முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் மாதம் ரூ.1,200. மத்திய உதவி பெறும் பிரிவில் 60 முதல் 79 வயது வரை டெல்லியின் பங்கு ரூ.200 மட்டும். மீதி ரூ.1,000 மாநிலத்துடையது.

இதில் எங்கும் ஊராட்சித் தலைவரின் பங்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அது அவர் குற்றமும் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், 29 துறைகளை உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம் என்றது. பதினொன்றாம் அட்டவணையில் 16-ஆவதாக ‘வறுமை ஒழிப்புத் திட்டங்கள்’ என்றே எழுதியிருக்கிறது. கொடுக்கலாம் என்றதே தவிர, கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த அளவுக்குக் கொடுப்பது என்பதை மாநிலங்களிடம் விட்டது. மாநிலங்கள், தமிழ்நாடும் சேர்த்துத்தான், பொறுப்பைக் கீழே இறக்கின, பணத்தையும் ஆளையும் மேலேயே வைத்துக்கொண்டன. மத்திய அரசிடம் கூட்டாட்சி உரிமை கேட்கும் மாநிலக் கட்சிகள், ஊராட்சி அதே உரிமையைக் கேட்டால் காது கொடுப்பதில்லை. வெறும் பரிந்துரைக் கடிதம் எழுதுபவராகிவிட்ட தலைவர், தன் இருப்பைக் காட்ட விழா மேடையில் பெருமை பேசுகிறார் என்பதையும் புரிந்துகொள்ளலாம்.

## புதிய சட்டத்தால் பேச்சு எப்படி மாறும்?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம், பழைய வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் புதிய ஒன்றை நிறைவேற்றியது. ‘விபி-ஜி ராம் ஜி’ என்று செய்திகளில் வருவது இதுதான். தலைப்பில் 125 நாள் என்றதும் பலர் 25 நாள் கூடியதாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிதி ஏற்பாடு மாறியதுதான் பெரிய செய்தி.

முதலாவது, பங்கு. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுதும் மத்திய அரசுடையது. பொருள் செலவில் 75 சதவீதம் மத்தியம், 25 சதவீதம் மாநிலம். ரூ.100 செலவில் கூலி 60, பொருள் 40 என்று வைத்துக்கொண்டால், மாநிலம் போட்டது 10 ரூபாய். புதிய சட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 60:40. அதே ரூ.100-க்கு மாநிலம் 40 ரூபாய் போட வேண்டும். நான்கு மடங்கு. ரூ.336 கூலி என்றால் மாநிலத்தின் தலையில் ரூ.134 விழும், முன்பு கூலியில் அதன் பங்கு பூஜ்யம்.

இரண்டாவது, வரம்பு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே ஒதுக்கும். அதற்கு மேல் செலவானால் முழுதும் மாநிலத்தின் கணக்கு. ஆரம்பத்தில் சொன்ன மூன்று வகையை நினைத்துப் பாருங்கள். கேட்டால் கிடைக்கும் என்ற முதல் வகை, ஒதுக்கிய வரை கிடைக்கும் என்ற இரண்டாம் வகையை நோக்கி நகர்கிறது. பெயரில் உறுதி இருக்கிறது, ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கூடுதலாக வேலை கேட்டு வருபவர்களுக்கு யார் பணம் போடுவார் என்பது மாநிலக் கஜானாவைப் பொறுத்தது.

மூன்றாவது, இடைவெளி. விதைப்பு, அறுவடை உச்சக் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலை தரக்கூடாது. எந்த நாட்கள் என்று மாநிலம் பகுதிவாரியாக அறிவிக்கும். ‘ஆள் கிடைக்கலை’ என்ற குறைக்கு இது பதில். சிறு விவசாயிக்கு இதில் நிம்மதி உண்டு. ஆனால் அந்த 60 நாளில் வயல் வேலையும் கிடைக்காத மூதாட்டிக்கு, இயந்திர அறுவடை நடக்கும் ஊரில் இருக்கும் நிலமற்ற பெண்ணுக்கு, பேரம் பேச இருந்த இடம் மூடிக்கொள்கிறது.

இனி ‘மேலேயிருந்து வரலை’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு ‘மேலே’ இருக்கும். மாநிலம் தன் 40-ஐப் போடவில்லை என்று டெல்லி சொல்லும், டெல்லி ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது என்று சென்னை சொல்லும். ஆகவே தேதியும் கட்டமும் கேட்கும் பழக்கம் முன்னைவிட அதிகம் தேவைப்படும்.

## தலைவரே இல்லாத ஊரில்

இத்தனை நேரம் தலைவரின் பேச்சைப் பார்த்தோம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. 28 மாவட்டங்களில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை நியமித்தார்கள். தனி அலுவலர் என்பவர் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர். நிதி மாற்று ஆணைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் இருப்பவரே ஊராட்சிக்கும் பொறுப்பு என்றால், ஆணை ஏன் தாமதம் என்று கிராம சபையில் அவரிடம் கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் கிடையாது. திட்டியாவது தீர்த்துக்கொள்ள ஒரு தலைவர் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஊர்களுக்குத் தெரியும்.

தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: வேலை கேட்டதற்கான, தேதி போட்ட ரசீது. அது இல்லாவிட்டால், கேட்டதற்கு ஆதாரமே இருக்காது. ரசீது இருந்தால் பதினைந்தாம் நாளோடு கெடு முடிகிறது. அதற்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன் பிறகு பாதிக்குக் குறையாமல். ரூ.336 கணக்கில் நாளைக்கு ரூ.84, பிறகு ரூ.168. இதைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. அதனால்தான் பல இடங்களில் மனுவை வாங்கிக்கொண்டு தேதி போடாமல் அனுப்பினார்கள், அல்லது வேலை தொடங்கும் நாளில் மனு வந்ததாக எழுதிக்கொண்டார்கள். புதிய சட்டத்திலும் பதினைந்து நாள் கெடுவும் இந்தப் படியும் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. எழுந்து நின்று, கடந்த சபைக்குப் பிறகு எத்தனை பேருக்கு ரசீது கொடுத்தீர்கள், எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும்.